இறைத்து எடுத்த பச்சை

வெளிநாட்டில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு வருகிற எங்கள் ஆட்கள் இரண்டு கட்சி. நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஆடி, ஆவணியில் வந்து போகிறவர்கள் ஒரு கட்சி. நத்தார் விடுமுறைக்கு மார்கழியில் வருகிறவர்கள் மற்றக் கட்சி. முதல் கட்சி திரும்பிப் போய், "ஊர் காஞ்சு கிடக்கு, மாடு கடிக்கப் புல்லில்லை" என்று சொல்லும். இரண்டாம் கட்சி வயல்வெளியில் நின்று படம் எடுத்துப் போட்டு, "இந்தப் பச்சையை விட்டிட்டு ஏன்தான் போனமோ" என்று பெருமூச்சு விடும். எங்கள் குடும்பத்தில் ரொறன்ரோ மாமாவும் பாரிஸ் சித்தியும் இதை வைத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு பின்னேரம் முழுக்க வாக்குவாதப்பட்டார்கள். கடைசியில் அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு குரல் பதிவு போட்டா: "ரெண்டு பேரும் பங்குனியில வாங்கோ, அப்ப தெரியும்."

பங்குனியில் ஈரம் எல்லாம் கீழே இறங்கி, புல் மஞ்சளாகி, பிறகு மண் நிறத்துக்கே வந்திருக்கும். அதற்குள் தோட்டக் காணிகள் மட்டும் பச்சையாக நிற்கும். இறைக்கிற காணிக்கும் இறைக்காத காணிக்கும் நடுவில் கத்தியால் கீறின மாதிரி ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் வெங்காயம், அந்தப் பக்கம் செம்புழுதி. எங்கள் ஊர் நீர்வேலிப் பக்கம் என்பதால் வெங்காயத்துக்குப் பதிலாக வாழை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குடாநாட்டில் ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு, ஆனால் அது மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் வடகீழ்ப் பருவக் காற்றோடு வருகிறது. வந்த தண்ணீர் சுண்ணாம்புக் கல்லின் பொந்துகளுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்பு நீருக்கு மேலே நல்ல நீராக நிற்கிறது. புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் இதை நேராகவே பார்க்கலாம்: மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. கண்டபடி இறைத்தால் உப்பு மேலே ஏறும். மாரியில் சேமித்ததை வருடம் முழுக்கச் சிக்கனமாக மேலே எடுத்துத்தான் இங்கே எதையும் பச்சையாக வைத்திருக்க முடியும். அதனால் கோடையில் பச்சையாக எது கண்ணில் பட்டாலும் எனக்கு முதலில் வருகிற கேள்வி, "இதுக்கு ஆர் இறைக்கினம்?"

இரண்டு விலக்கு உண்டு. ஒன்று பனை. அதை ஒருவரும் பச்சை என்று கணக்கில் எடுப்பதில்லை. மெழுகு பூசின அந்த ஓலையில் சாம்பலும் கலந்திருக்கும். மாரியிலும் அதே நிறம், கோடையிலும் அதே நிறம். சண்டைக் காலத்தில் பதுங்குகுழிக்குக் குற்றி தேடியவர்கள் எல்லாரும் பனையில்தான் கை வைத்தார்கள். எறிகணையில் தலை போன பனைகள் மொட்டையாக நின்ற காலம் பலருக்கு நினைவிருக்கும். மற்றது வேம்பு. மற்றதெல்லாம் வாடுகிற பங்குனி, சித்திரையில்தான் அது தளிர் தள்ளும். அந்தத் தளிரும் முதலில் பச்சை இல்லை, செம்புச் சிவப்பு. மாந்தளிரும் அப்படித்தான். இளம் இலையில் இருக்கிற சிவப்பு நிறமி, பச்சையம் நிரம்பும் வரைக்கும் வெயிலில் இருந்து அதற்கு மறைப்புக் கொடுக்கிறது என்று தாவரவியலாளர்கள் சொல்கிறார்கள்.

இலை பச்சையாக இருப்பதற்கான காரணம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பச்சையம் ஒளியில் சிவப்பையும் நீலத்தையும் கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறது, பச்சையைக் குறைவாகப் பிடிக்கிறது. பிடிபடாமல் திரும்பி வருகிற ஒளி எங்கள் கண்ணுக்கு வருகிறது. பகல் வெளிச்சத்தில் மனிதக் கண்ணின் கூர்மையும் ஏறக்குறைய 555 நானோமீற்றரில், மஞ்சள் கலந்த பச்சையில்தான் உச்சத்தில் இருக்கிறது. மரம் தேவையில்லை என்று விடுகிற நிறத்தைத்தான் நாங்கள் மிக நன்றாகப் பார்க்கிறோம்.

சரி, இறைப்புக்கு வருகிறேன். இன்றைக்கு மோட்டாரைத் தட்டினால் தண்ணீர் வாய்க்காலில் ஓடும். அப்பு காலத்தில் துலா, கிணற்றடியில் ஏறி இறங்குகிற நீண்ட மரம். வெள்ளாப்பில், வெயில் ஏற முன்னம், ஆட்கள் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, ஒருவர் கிணற்றடியில் தண்ணீர் அள்ளி வருகிற பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க, இன்னொருவர் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு தண்ணீர் மாறுகிற வேலைதான் கிடைக்கும். ஒரு பாத்தி நிரம்ப வரம்பை வெட்டி அடுத்ததற்கு விடுவது. விளையாட்டு மாதிரித்தான் தெரியும், ஆனால் கொஞ்சம் பராக்குப் பார்த்தால் வரம்பு உடைந்து தண்ணீர் முழுக்க ஒழுங்கைக்குப் போய்விடும். பிறகு கேட்கிற பேச்சை இங்கே எழுத முடியாது.

இந்தப் பச்சைக்குத் தண்ணீர் மட்டும் போதாது. தோட்டச் செம்மண் ஆழமானது, ஆனால் தானாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிற மண் இல்லை. அதற்குப் போடுவதற்கு மாட்டெரு, ஆட்டெரு, அப்புறம் குழை, அதாவது இலையோடு வெட்டின பச்சைக் கொப்பு. குழை வேலியில் இருந்து வந்தது. இதை விளங்காமல் யாழ்ப்பாணத்துப் பச்சையை விளங்க முடியாது என்பது என் கட்சி.

எங்கள் வேலி வெறும் எல்லை இல்லை. கிளுவை, பூவரசு, வாதராணி, முள்முருக்கு, சீமைக்கிளுவை என்று கதியால்களை, அதாவது நட்டால் வேர் பிடிக்கிற தடிகளை, வரிசையாக நட்டு, அவற்றோடு கிடுகையோ பனையோலையையோ வைத்துக் கட்டி அடைப்பார்கள். மாரிக்கு முன் நட்ட கதியால் மழையோடு வேர் பிடித்துத் தளிர்க்கும். ஓலை உக்கிப்போகும், மாற்றலாம். கதியால் மட்டும் வருடா வருடம் மொத்தித்துக்கொண்டு போகும். வேலியில் வெட்டுகிற குழை ஆட்டுக்கு, மிச்சம் தோட்டத்துக்கு. சாலுக்குள் போட்டு மண்ணால் மூடிவிட்டால் சில கிழமைகளில் உக்கி எருவாகும். சீமைக்கிளுவை அவரைக் குடும்பம் என்பதால் அதன் குழையில் நைதரசன் கூட. புகையிலைத் தோட்டக்காரர்களுக்கு ஊர் வேலிகள் போதாமல் வன்னியில் இருந்து லொறியில் குழை இறங்கின காலம் இருந்தது. வயல்காரர்கள் இதையே வேறு மாதிரிச் செய்தார்கள். அறுவடைக்குப் பிறகு சணல் விதைத்து, பூக்கிற பருவத்தில் மடித்து உழுதார்கள். இப்போது அந்த மஞ்சள் பூவுக்குள் நின்று கலியாணப் படம் எடுக்கக் கொழும்பில் இருந்தெல்லாம் வருகிறார்கள். உழுகிறவர் பாவம், படம் எடுத்து முடியும் வரைக்கும் வரம்பில் நிற்பார்.

வேலி சமாதானத்தின் சின்னம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கதியால் மொத்திக்க மொத்திக்க எல்லை எந்தப் பக்கம் என்பது கேள்வியாகும். மாற்றி நடும்போது ஒரு சாண் தள்ளி நடுகிற கெட்டிக்காரர்களும் எல்லா ஊரிலும் இருந்தார்கள். பரப்புக் கணக்கில் காணி வைத்திருக்கிற ஊரில் ஒரு சாண் பெரிய விசயம். பதினாறு பரப்பு சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். வேலிச் சண்டையில் தொடங்கி நீதிமன்றம் ஏறி, காணியின் பெறுமதியை விடச் செலவழித்த குடும்பங்கள் உண்டு. அந்த வழக்குப் பேசியே கல்வீடு கட்டின அப்புக்காத்துமாரும் உண்டு.

ஆனால் அதே வேலியில்தான் பொட்டு (ஆள் நுழைகிற ஓட்டை) வைத்துப் பக்கத்து வளவுக்குக் கறி போகும். சமையலுக்கு முருங்கையிலை, முசுமுசுக்கை, குறிஞ்சா, தூதுவளை எல்லாம் அந்த வேலியிலும் வேலிக்கரையிலும் படர்ந்தவைதான். பிள்ளைகளுக்குப் பூவரசம் இலையைச் சுருட்டி ஊதுகிற பீப்பீ. ஆச்சியின் கொக்கச்சத்தகத்துக்கு (தடி நுனியில் கட்டின வளைகத்தி) ஆட்டுக்குழை. இரண்டு பக்கமும் வேலி உயர்ந்து, மேலே கிளைகள் சேர்ந்த ஒழுங்கையால் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் வெறுங்காலோடு நடக்கலாம்.

குழையின் அருமை சனத்துக்குத் திரும்பத் தெரிந்தது தொண்ணூறுகளில். வடக்குக்கு அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையில் யூரியா வராது, மண்ணெண்ணெய் கிடைத்தாலும் கை வைக்க முடியாத விலை. இறைப்பு மெசின்களை மூடி வைத்துவிட்டுப் பலர் பழைய துலாவைத் தேடினார்கள். வேலிக் குழைக்கு அடிபாடு. பிறகு உரம் வந்தது, குழையை மறந்தோம். 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தபோது மறுபடியும் குழை. நவம்பரில் அந்தத் தடை விலக்கப்பட்டது, ஆனால் அதற்கிடையில் பயிர் மஞ்சளித்துவிட்டது. பச்சையத்தின் மூலக்கூறுக்கு நடுவில் ஒரு மக்னீசியம் அணு, அதைச் சுற்றி நான்கு நைதரசன் அணுக்கள். நைதரசன் இல்லையென்றால் அந்த நிறத்தைச் செய்ய இலைக்குச் சாமான் இல்லை. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகம் பரப்பிய இலை நிற அட்டை என்று ஒன்று இருக்கிறது. வெளிர்பச்சையில் தொடங்கிக் கரும்பச்சை வரை பட்டைகள். நெல் இலையை அதில் வைத்துப் பார்த்து, யூரியா வேணுமா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம். என்னுடைய சித்தப்பாவுக்கு அட்டை தேவையில்லை. வரம்பில் நின்று பார்த்தே, "இதுக்கு ஒரு பிடி போட வேணும்" என்பார். பிரச்சினை, அவர் போடுவது ஒரு பிடி இல்லை.

இதில்தான் பச்சைக்கு ஒரு மறுபக்கம் வருகிறது. யூரியா கூடப் போட்ட தோட்டம் கண்ணுக்கு அழகான கரும்பச்சை. பயிர் எடுத்தது போக மிச்சம், இறைக்கிற தண்ணீரோடு சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, திரும்ப அதே கிணற்றுக்கு நைத்திரேற்றாக வருகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அந்த வரம்பு தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பால்மாக் கரைத்துக் கொடுக்கிற கைக்குழந்தைக்கு அது ஆபத்து, இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகிற வேலையைக் கெடுக்கும். தோட்டத்தின் பச்சையை மட்டும் பார்த்துக் கிணறு நல்லது என்று யாரும் சொல்ல முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் சுவருக்கு ஒட்டின பச்சைத் தாள்களில் ஆசனிக் இருந்தது. 1775இல் ஷீல என்ற சுவீடன் நாட்டு வேதியியலாளர் கண்டுபிடித்த நிறமி அது. பார்க்கக் குளிர்ச்சி, மூச்சுக்கு நஞ்சு.

சாயத்தில் பச்சை எப்போதுமே வில்லங்கம் பிடித்த நிறம்தான். இலையெல்லாம் பச்சையாக இருந்தும், இலையைப் பிழிந்து நிற்கிற பச்சைச் சாயம் எடுக்க முடியாது. நீலத்தில் தோய்த்துப் பிறகு மஞ்சளில் தோய்த்துத்தான் பழைய சாயக்காரர் பச்சை எடுத்தார்கள். யாழ்ப்பாணமும் மன்னாரும் ஒல்லாந்தர் காலத்தில் சாயவேருக்குப் பேர் போனவை. அந்த வேர் கொடுத்ததோ சிவப்பு.

அடுப்படிக்காரருக்கு இந்த நிறம் நிற்காது என்பது நன்றாகத் தெரியும். கீரை வேகும்போது சட்டியை மூடாதே என்று அம்மா சொல்லுவா. காரணம் கேட்டால், "மூடினா கறுக்கும்." இலை வேகும்போது அதில் உள்ள அமிலம் ஆவியோடு வெளியே வரும். மூடினால் அது திரும்பச் சட்டிக்குள் விழுந்து, பச்சையத்தின் நடுவில் உள்ள மக்னீசியத்தைத் தள்ளிவிடும். நிறம் சாணிப்பச்சைக்குப் போய்விடும். புளி முதலே விட்டால் இன்னும் கெதியாக. அதனால்தான் எங்கள் வறை, சுண்டல் எல்லாம் திறந்த சட்டியில் விறுவிறு என்று பிரட்டி இறக்குகிற சாமான். முருங்கையிலை வறைக்குத் தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் போட்டு, இலை நிறம் மாற முன்னம் இறக்க வேண்டும். வல்லாரைச் சம்பலுக்கு அடுப்பே தேவையில்லை, தேசிக்காய்ப் புளியைச் சாப்பிடப் போகிற நேரம்தான் விட வேண்டும். கந்தசஷ்டி முடிந்த பாரணைச் சாப்பாட்டில் அகத்தி கறுத்துப்போய் வந்தால், விரதம் பிடித்தவர் ஒன்றும் பேசமாட்டார், சமைத்தவருக்கு விளங்கும்.

இனி மனசுக்கும் பச்சைக்கும் உள்ள தொடர்பு. இதைப் பற்றி வருகிற கட்டுரைகளுக்குக் குறைவில்லை. காட்டுக்குள் போய் நில், மரத்தைக் கட்டிப்பிடி, அறைக்குள் சாடி வை. பெரும்பாலும் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் அடியில் உள்ள சில ஆய்வுகள் நல்லவை. ரோஜர் அல்ரிச் 1984இல் சயன்ஸ் இதழில் எழுதினது அதில் ஒன்று. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஒரு வைத்தியசாலை. 1972 முதல் 1981 வரை பித்தப்பை சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை எடுத்து, வயது முதலியவை பொருந்துகிற 23 சோடிகளைப் பிரித்தார். சோடியில் ஒருவரின் யன்னலுக்கு வெளியே மரங்கள். மற்றவரின் யன்னலுக்கு வெளியே ஒரு செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் அளவு முன்னதாக வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலிமருந்தும் குறைவாகத்தான் எடுத்தார்கள்.

இதை வாசித்த பிறகு எனக்குச் சித்தப்பாவின் ஞாபகம் வந்தது. அவருக்கும் ஒரு சத்திரசிகிச்சை, கட்டில் யன்னலோரம், வெளியே ஒரு பெரிய வேம்பு. அல்ரிச் வந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார். சித்தப்பாவோ வேம்பைப் பார்த்தபடி, "மிளகாய் என்னவாகுதோ" என்று அரற்றிக்கொண்டே கிடந்தார். சித்தி தோட்டத்தில் நின்று போன் எடுத்து, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்கவைத்து, "இறைச்சாச்சப்பா, நீங்கள் பேசாமல் படுங்கோ" என்ற பிறகுதான் அவர் கண் மூடினார். யன்னலோரத்து வேம்பு அவருக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. தன் கைபட்ட பச்சை நலமாக இருக்கிறது என்ற செய்தி அதைவிடக் கூடச் செய்தது.

2019இல் இங்கிலாந்தில் வந்த ஆய்வும் பிரபலம். ஏறக்குறைய இருபதாயிரம் பேரிடம் கேட்டு, கிழமைக்கு 120 நிமிடமாவது இயற்கை வெளியில் கழிப்பவர்கள் தங்கள் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகக் கூடுதலாகச் சொல்கிறார்கள் என்று கண்டார்கள். ஒரேயடியாகப் போனாலும் சரி, பிரித்துப் போனாலும் சரி. எனக்குச் சிரிப்பு வந்த இடம் வேறு. அந்தக் கணக்கில் சொந்த வீட்டுத் தோட்டத்தில் கழித்த நேரம் சேராது. எங்கள் ஆட்களுடைய பச்சை முழுக்க வளவுக்குள்தானே இருக்கிறது! விடிய எழும்பி வாழைக்குத் தண்ணீர் விட்டு, வேலியில் குழை முறித்து, கிணற்றடியில் கால் கழுவுகிற அம்மா அந்த ஆய்வுக்குள் போனால் அவவின் கணக்கு பூச்சியம்.

பச்சை என்றால் ஆறுதல் என்று பொதுவாகச் சொல்வதில் எனக்கு இன்னொரு தயக்கம் உண்டு. என் வயதுக்காரர்களுக்கு இந்த ஊரில் பச்சை முதலில் உடுப்பாகத்தான் நெஞ்சில் பதிந்தது. இந்திய இராணுவம் 1987இல் வந்து 1990இல் போனது. அதற்கு முன்னும் பின்னும் இலங்கை இராணுவம். விடுதலைப் புலிகள் இயக்கமும் பச்சை வரி உடுப்புத்தான் போட்டது. பற்றைக்குள் ஒரு பச்சை அசைந்தால் அது இலையா ஆளா என்று பார்த்துத்தான் சைக்கிளை மிதித்தோம். இலைக்குள் மறைவதற்கென்றே தெரிவு செய்த நிறம் அது. அதனால் எங்களுக்கு இலையும் சந்தேகத்துக்குரிய சாமானாகிவிட்டது. அந்தப் பயம் போக எத்தனை காலம் எடுத்தது என்று ஒருவருக்கும் கணக்குத் தெரியாது.

1995 ஐப்பசி முடிவில் வலிகாமம் சண்டைக்குப் பயந்து ஒரே இரவில் எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்குப் போனது. அடுத்த சித்திரையில் திரும்பி வந்தோம். அந்த மாரியில் வெட்ட ஆள் இல்லாமல் வேலி மரமாகி நின்றது. முற்றத்தில் இடுப்பளவு புல். ஒரு வெளிநாட்டுக்காரர் பார்த்தால் சொர்க்கம் என்றிருப்பார். ஆச்சி படலையடியில் நின்று அழுதா. எங்களுடையது ஒரு மாரிக்கதைதான். வலிகாமம் வடக்குச் சனம் 1990இல் வெளியேறி, உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட தங்கள் காணிகளுக்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் போனது. சிலர் இன்னும் போகவில்லை. விடுபட்ட காணிகளை முதல் முறை பார்க்கப் போன உறவுக்காரரோடு நானும் போனேன். எங்கும் பச்சை. வீட்டுச் சுவருக்குள்ளால் ஆலமரம் வேர் விட்டு நின்றது. கிணற்றைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பெரியம்மா ஒரு பூவரசை வைத்துத்தான் தன் எல்லையைப் பிடித்தா. அது அவவின் தகப்பன் நட்ட கதியால். அங்கே நின்ற அவ்வளவு பச்சைக்குள்ளும் அவவுக்கு ஆறுதல் தந்தது அந்த ஒன்றுதான்.

கோயில்களில் இந்த நிறத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. நல்லூரில் திருவிழாவின் 24ஆம் நாள் தேர். தேர் சங்காரத்தைக் குறிக்கிற திருவிழா. அந்த வெக்கையில் வீதி சுற்றி இருப்பிடத்துக்கு வந்த பிறகு, ஆறுமுகசுவாமி இறங்கும்போது பச்சை சாத்துவார்கள். உக்கிரம் தணியத்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சுற்றியுள்ள ஊர்க் கோயில்களிலும் இதே வழக்கம். ஆவணி வெயிலில், புல் கருகின பருவத்தில், அந்தப் பச்சைப் பட்டு வெளியே வரும்போது எழும்புகிற அரோகராச் சத்தம் தேர் வடம் பிடிக்கும்போது கேட்கிற சத்தத்தை விட வேறு மாதிரி இருக்கும். கலியாணத்தில் தாலிக்குப் பொன்னுருக்குகிற நாள் ஊன்றுகிற கன்னிக்காலும் முள்முருக்கங் கதியால்தான். தளிர்க்க வேண்டும் என்பதற்காகவே உயிருள்ள தடியைத் தேடுவார்கள். இப்போது எல்லாக் கலியாணமும் மண்டபத்தில் என்பதால் கன்னிக்கால் பூச்சாடிக்குள் நிற்கிறது. முடிந்ததும் சாடியை மண்டபக்காரர் எடுத்துவிடுவார். தளிர்த்ததா என்று பார்க்க ஒருவரும் திரும்பிப் போவதில்லை.

பிள்ளைகளுக்குக் கண்ணாடி போடுகிற வயது குறைந்துகொண்டு வருவதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "பச்சையைப் பார், கண்ணுக்கு நல்லது" என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். பச்சைச் சுவர்த்தாளைப் போன் திரையில் போட்டுவிட்டு நல்லது செய்துவிட்டதாக நினைக்கிறவர்களையும் கண்டிருக்கிறேன். சீனாவில் குவாங்சோ நகரத்துப் பள்ளிகளில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியில் நேரம் கொடுத்து மூன்று வருடம் பார்த்தார்கள். வெளியில் விட்ட பிள்ளைகளில் 30.4 வீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழமைபோல விட்டவர்களில் 39.5 வீதம். முடிவு 2015இல் வெளிவந்தது. வேலை செய்வது பெரும்பாலும் வெளி வெளிச்சம் என்று கண் ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள், நிறம் இல்லை. ஆனால் ஒன்று, யாழ்ப்பாணத்து வெளியில் மத்தியானத்தில் பிள்ளை நிற்க வேண்டுமென்றால் அங்கே நிழல் வேண்டும். நிழலுக்கு மரம் வேண்டும். ஆச்சிமார் சொன்னது சுற்றிவளைத்துச் சரிவருகிறது.

இப்போது ஊரில் வேலி குறைந்து மதில் கூடுகிறது. வெளிநாட்டுக் காசு வந்தால் முதல் வேலை மதில், இரண்டாவது படலைக்குப் பதிலாக இரும்புக் கேற். குறை சொல்ல நான் ஆள் இல்லை. ஓலை விலை, ஆள் கூலி, வருடா வருடம் அடைக்கிற கரைச்சல், இரவில் கள்ளர் பயம், எல்லாம் உண்மை. மதிலுக்கு எல்லைச் சண்டை ஒருமுறைதான், அதோடு முடியும். ஆனால் ஒழுங்கை இப்போது சீமெந்துக் கல்லுக்கு நடுவே அடுப்பாகக் கொதிக்கிறது. குழை இல்லை, ஆட்டுக்குக் கடையில் தீன் வாங்குகிறார்கள். குறிஞ்சாவைச் சந்தையில் பிடிபிடியாகக் கட்டி விற்கிறார்கள், நாங்களும் வாங்குகிறோம். அல்ரிச்சின் சோடியில் செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைப்போல முழு ஊரும் ஆகிக்கொண்டு வருகிறது. அதற்கு நாங்களே காசும் கட்டுகிறோம்.

எங்கள் வீட்டிலும் இந்த வருடம் அந்தப் பேச்சு வந்தது. ரொறன்ரோ மாமா காசு அனுப்பத் தயார், சுற்றிவர மதில் வேண்டும் என்று நிற்கிறார். அம்மாவுக்கு வீதிப் பக்கம் மதில் சரி, மற்ற மூன்று பக்கமும் வேலிதான். "மதிலில முருங்கை காய்க்குமோ?" என்று மாமாவையே கேட்டுவிட்டா. கடைசியில் அம்மா சொன்னபடிதான் முடிவு. இதில் வந்த ஒரே சிக்கல், வேலி அடைக்கத் தெரிந்த ஆள் ஊரில் இல்லை. கைதடிப் பக்கம் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு போன் எடுத்தேன். பின்னால் கல்லுக் குழைக்கிற மெசின் சத்தம். "தம்பி, நான் இப்ப மேசன் ஒருத்தரோட கூலிக்கு நிக்கிறன். மதில் வேலை, புரட்டாசி வரைக்கும் ஓடும். ஐப்பசிக்கு முன்னம் ஒரு ஞாயிறு வாறன். கிளுவைக் கதியால் நீங்களே வெட்டி நிழலில போட்டு வையுங்கோ, விரல் மொத்தத்தில வேண்டாம், கைமணிக்கட்டு மொத்தத்தில" என்றார். கதியாலுக்கு என்ன விலை என்று கேட்டேன். அதுக்கெல்லாம் ஆரும் காசு வாங்கிறதில்லை, பக்கத்து வேலியில கேளுங்கோ என்றார். பக்கத்து வீட்டில் போன வருடமே மதில் கட்டிவிட்டார்கள். அடுத்த ஒழுங்கையில் கேட்க வேண்டும்.